அண்டாவுக்குள் அரசாங்கம்

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் என்று ஓர் ஊர். அங்கே கொளஞ்சியப்பர் என்ற பெயரில் முருகன் கோர்ட் நடத்துகிறார். உருவம் கிடையாது, பலிபீடம் மாதிரி ஒரு கல். வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது. குறை உள்ளவர் ஒரு தாளில் 'பிராது' எழுத வேண்டும். இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார், எனக்கு இன்னார் இன்ன அநியாயம் செய்தார், விசாரிக்கவும். ஊர் எவ்வளவு தூரமோ அதற்கேற்பப் படிப்பணம் கட்ட வேண்டும். சாமி புறப்பட்டு வந்து விசாரிப்பதற்கான பயணப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூசை முடிந்ததும் தாளை விபூதியோடு பொட்டலமாக்கி முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். மூன்று நாள், மூன்று வாரம், மிஞ்சினால் மூன்று மாதம். 90 நாளைக்குள் தீர்ப்பு. தீர்ந்ததும் திரும்பி வந்து 'ராஜினாமா' செய்ய வேண்டும், அதாவது பிராதைத் திரும்பப் பெற வேண்டும். ராஜினாமா என்ற சொல்லை இன்னும் செயலில் காட்டுகிற ஒரே ஆபீஸ் தமிழ்நாட்டில் இதுதான்.

எங்கள் பெரியம்மா அங்கே இரண்டு முறை பிராது கட்டியவள். பெரியப்பா போன மறுவருடம், வயலின் கிழக்கு வரப்பைப் பக்கத்து நிலத்துக்காரர் ஒரே ராத்திரியில் ஜேசிபி வைத்து ஆறடி இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். பட்டா இன்னும் பெரியப்பா பெயரிலேயே இருந்தது. பட்டா மாறுதலுக்கும் நிலம் அளப்பதற்கும் பணம் கட்டி, சர்வேயர் இன்று வருவார், நாளை வருவார் என்று ஏழு வருடம் வாசலைப் பார்த்தாள். கலெக்டருக்கு ஒரு மனு, கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது. இரண்டையும் எழுதிக்கொடுத்தவன் நான். முடித்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது ஏதோ உறுத்தியது. கலெக்டருக்கு எழுதியதில் 'கருணை கூர்ந்து', 'தங்கள் பொன்னான கரங்களால்', 'ஏழை விதவையின் கண்ணீரைத் துடைத்து' என்றெல்லாம் வந்து விழுந்திருந்தது. கொளஞ்சியப்பருக்கு எழுதியதில் 'நேரில் விசாரித்து நடவடிக்கை எடுக்கவும்' என்று இருந்தது. முகவரியை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று ஒரு நிமிடம் திகைத்தேன்.

மாற்றவில்லை. இங்கே அப்படித்தான் எழுத வேண்டும். ஆபீசரிடம் அருளை வேண்ட வேண்டும், சாமியிடம் அறிக்கை கேட்க வேண்டும்.

90 நாள் ஓடியது. வரப்பு திரும்பி நடக்கவில்லை. "அவருக்கும் எத்தனை பிராது இருக்கும், பாவம்" என்றாள் பெரியம்மா. தாசில்தாருக்கு இந்தச் சலுகையை அவள் கொடுத்ததே இல்லை. காரணம் எளிது. சாமி ஒருநாளும் அவளை வெயிலில் நிற்கவைத்து 'சாப்பாட்டு நேரம், அப்புறம் வா' என்று சொன்னதில்லை.

கேட்டால் சாமி கொடுக்குமா, கொடுக்காதா? பொங்கல் பட்டிமன்றத்துக்கு நல்ல தலைப்பு. இரண்டு அணியும் நகைச்சுவை சொல்லி, நடுவர் 'நம்பிக்கைதான் வாழ்க்கை' என்று தீர்ப்புச் சொல்லி, விளம்பர இடைவேளைக்கு முன்னால் முடித்துவிடலாம். எனக்கு அந்தப் பட்டிமன்றத்தில் வேலை இல்லை. பெரியம்மா கேட்கட்டும். கேட்பதற்கு அவளுக்கு வேறு இடம் இல்லை. கேட்கப்பட வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து வந்து, பெரியம்மாவுக்கு முன்னால் வரிசையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்க ஆரம்பிக்கும்போதுதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அந்தக் கூத்துக்குப் போவதற்கு முன் திங்கட்கிழமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திங்கள்தோறும் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். விடியற்காலை பஸ் பிடித்து வந்து, மரத்தடியில் உட்கார்ந்து, எழுதத் தெரிந்தவருக்குக் காசு கொடுத்து எழுதவைத்து, வரிசையில் நின்று நீட்டினால் மனு உள்ளே போகும். அங்கிருந்து அது யாத்திரை கிளம்பும். கலெக்டரிடமிருந்து கோட்டாட்சியருக்கு, கோட்டாட்சியரிடமிருந்து தாசில்தாருக்கு. கடைசியில் எந்த மேசை மீது புகாரோ அந்த மேசைக்கே வந்து சேரும். பாவம் செய்தவனிடமே பாவமன்னிப்புச் சீட்டை எழுதச் சொல்லும் இந்த ஏற்பாடு எந்த மதத்திலும் இல்லை.

2017 அக்டோபர் 23, அதுவும் ஒரு திங்கட்கிழமை. நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காத ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் என்று குடும்பமே தீயில் எரிந்தது. மறுபடி மறுபடி மனு கொடுத்துப் பார்த்த குடும்பம் அது. அதற்குப் பிறகு நிர்வாகம் என்ன கற்றுக்கொண்டது தெரியுமா? வாசலில் போலீசை நிறுத்தி, மனு கொடுக்க வருகிறவர்களின் பையைச் சோதித்து, மண்ணெண்ணெய் பாட்டிலைப் பிடுங்கக் கற்றுக்கொண்டது. மனுவை யாரும் அவ்வளவு அக்கறையாகச் சோதிக்கவில்லை. அந்தத் தீயைப் படமாக வரைந்த கார்ட்டூனிஸ்டைக் கைது செய்யும் வேகம் மட்டும் இருந்தது.

இப்போது சென்னையின் 2019 கோடைக்கு வாருங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் சேர்ந்தால் 11 டி.எம்.சி. பிடிக்கும். ஜூனில் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. செம்பரம்பாக்கத்தில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஐ.டி. கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. வீட்டில் மட்டும் தண்ணீர் இருந்ததா என்று அவர்கள் கேட்கவில்லை. எங்கள் அடுக்குமாடியில் ராத்திரி இரண்டு மணிக்கு லாரி வரும். 12,000 லிட்டர். டிரைவர் சொன்னதுதான் விலை. செயலாளர் லுங்கியோடு இறங்கிப் போய் அவரை வரவேற்ற அழகைப் பார்த்திருக்க வேண்டும். உற்சவ மூர்த்திக்குக்கூட அப்படி ஒரு எதிர்சேவை நடந்திருக்காது.

இந்த நேரத்தில் அரசாங்கம் என்ன செய்தது? மனு எழுதியது. இந்து சமய அறநிலையத் துறை முக்கியக் கோயில்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மழை வேண்டி யாகம் செய்யவும். நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பவும். வருண ஜபம் செய்யவும். நாதஸ்வரம், வயலின், புல்லாங்குழல், வீணை ஆகியவற்றில் அமிர்தவர்ஷினி, மேகவர்ஷினி, கேதாரி, ஆனந்தபைரவி, ரூபகல்யாணி வாசிக்கவும். ராகத்தின் பெயர் வரைக்கும் போட்டுச் சுற்றறிக்கை! ஏரி தூர்வாரும் டெண்டரில் இந்தத் துல்லியத்தில் பாதி இருந்திருந்தால் மேகவர்ஷினிக்கு வேலையே இருந்திருக்காது. பெரிய பெரிய அண்டாக்களில் தண்ணீர் நிரப்பி, அர்ச்சகர்கள் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து ஜபித்த படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. ஜூன் மாதத்துச் சென்னைக்காரன் அந்தப் படத்தில் அர்ச்சகரைப் பார்க்கவில்லை, அண்டாவைப் பார்த்தான். அது எந்த லாரியில் வந்தது, டிரைவர் என்ன விலை சொன்னார் என்றுதான் அவன் மனசு கணக்குப் போட்டது.

ஜூன் 22ஆம் தேதி அன்றைய ஆளுங்கட்சி மாநிலம் முழுக்கக் கோயில்களில் யாகம் நடத்தியது. அமைச்சர்கள் வேட்டியை மடித்துக்கட்டி ஹோமகுண்டத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். புகை கண்ணில் பட்டுக் கண்ணீர் வந்தது, அந்தக் கண்ணீரும் டி.வி.யில் வந்தது. இதில் ஒரு சங்கடம். யாகத்துக்கு இரண்டு நாள் முன்பே, ஜூன் 20ஆம் தேதி, ஏறத்தாழ ஆறு மாதத்துக்குப் பிறகு சென்னையில் மழை எட்டிப் பார்த்துவிட்டது. உத்தரவு வருவதற்கு முன்பே வேலை பார்த்த வருணனுக்குத் துறை ரீதியாக மெமோ கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நம் நிர்வாகத்தில் அது பெரிய குற்றம்.

அன்றைய எதிர்க்கட்சி அதே நாட்களில் காலிக்குடத்தோடு தெருவுக்கு வந்தது. வரட்டும், நல்லதுதான். ஆனால் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் இன்று வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. அதைக் கட்டியது இவர்கள் ஆட்சிதான். கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாகவே மழையை வைத்த புலவருக்கு ஏரிக்குள் தேர் செய்து நிறுத்திய ரசனையை என்ன சொல்ல! அதற்கும் முன்னால், வெள்ளைக்காரன் காலத்தில், மாம்பலத்தின் பெரிய ஏரியை வடித்துத்தான் தியாகராய நகரை வரைந்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் இல்லை. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா இருக்கிறது, ஏரியாதான் மிச்சம். கோயம்பேடு பஸ் நிலையத்தைத் தாழ்வான நீர்ப்பிடிப்பில் கொண்டுபோய் வைத்தோம். பள்ளிக்கரணைச் சதுப்பில் ஒரு பக்கம் குப்பை, மறுபக்கம் கண்ணாடிக் கட்டடம். ஆக இந்த விஷயத்தில் கட்சி பேதம் கிடையாது. தூர்த்தவர்கள் எல்லோரும் ஒற்றுமையாகத் தூர்த்தார்கள்.

ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அமைச்சர் நேரில் வந்து வரவேற்றார். நகரத்தின் ஒரு நாள் தேவை 80 கோடி லிட்டருக்கும் மேல். வந்தது முந்நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பசித்தவன் இலையில் உப்பை வைத்துவிட்டுப் பந்தி முடிந்தது என்று கைதட்டுவது போல. அதே ஜூலையில் காஞ்சிபுரத்தில் 40 வருடமாகத் தண்ணீருக்குள் கிடந்த அத்திவரதர் வெளியே வந்திருந்தார். சென்னை தண்ணீருக்கு வெளியே கிடந்ததால் அவர் நிலைமையும் நம் நிலைமையும் ஒத்துப்போயின. 48 நாளில் கோடிப் பேருக்கும் மேல் போய்ப் பார்த்தார்கள். பொது தரிசனத்துக்கு ஒரு வரிசை, முக்கியஸ்தருக்கு ஒரு வரிசை. பொது வரிசையில் நெரிசலில் சிக்கி உயிரை விட்டவர்களும் உண்டு. முக்கியஸ்தர் வரிசையில் அப்படி யாரும் சாகவில்லை. பிரார்த்தனையால் பலன் உண்டா என்று இன்னும் சந்தேகப்படுகிறவர்கள், எந்த வரிசையில் நின்ற பிரார்த்தனை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஜூன் 22 மனுவுக்கு மேலேயிருந்து ஒரு பதில் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? நம் ஆபீசர்களுக்குப் புரிகிற தமிழிலேயே வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

'பொருள்: மழை வேண்டுதல் – தமிழ்நாடு அரசு – தொடர்பாக. பார்வை: 1. தங்கள் யாகம், நாள் 22.06.2019. 2. இவ்வலுவலகத்தால் 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வழங்கப்பட்ட மழை. பார்வை 1இல் காணும் மனு பரிசீலிக்கப்பட்டது. பார்வை 2இன்படி சென்னைக்கு நவம்பரில் மட்டும் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் விடுவிக்கப்பட்டுள்ளது. மேற்படி ஒதுக்கீட்டைச் சேமித்து வைத்தமைக்கான பயன்பாட்டுச் சான்று இதுநாள்வரை இவ்வலுவலகத்தில் பெறப்படவில்லை. மாறாக, டிசம்பர் 1, 2 தேதிகளில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி வீதம் அடையாற்றில் திறந்துவிடப்பட்டு, பயனாளிகள் சிலர் உறக்கத்திலேயே மூழ்கியதாகத் தெரியவருகிறது. முந்தைய ஒதுக்கீட்டின் கணக்கு முடிக்கப்படாத நிலையில் புதிய ஒதுக்கீடு கோரும் மனு, தக்க இணைப்புகளுடன் மீளச் சமர்ப்பிக்க ஏதுவாகத் திருப்பி அனுப்பப்படுகிறது. இணைப்பு: அண்டா ஒன்று.'

பதில் வரவில்லை. சாமிக்கு இந்த நாகரிகம் உண்டு, திருப்பி எழுதுவதில்லை. எழுதுகிற வேலையைக் கணக்குத் தணிக்கைத் துறைதான் செய்தது. 2015 வெள்ளம் மனிதர்கள் வரவழைத்த பேரிடர் என்று அதன் அறிக்கை சொன்னது. சட்டமன்றத்தில் வைத்தார்கள். வைத்ததோடு சரி.

பழைய ஊர்களில் மழை பொய்த்தால் மழைச்சோறு எடுப்பார்கள். பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி, ஓரிடத்தில் கொட்டிப் பிசைந்து எல்லோரும் உண்பார்கள். விராட பர்வம் படிப்பார்கள். அதற்கும் வரவில்லையென்றால் கொடும்பாவி. வைக்கோலில் ஒரு உருவம் கட்டி, தெருத் தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் கொளுத்துவார்கள். இதை மூடநம்பிக்கை என்று படித்தவர்கள் சிரித்தோம். எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. அந்தச் சடங்கில் ஒரு கணக்கு இருந்தது. மழை சும்மா நிற்காது, யாரோ ஒரு பாவி செய்த வேலை இது, அவன் இந்த ஊர்க்காரன்தான், அவனைத் தெருவில் இழுக்காமல் தீராது என்ற கணக்கு. அரசாங்க யாகத்தில் எல்லாம் உண்டு. நெய் உண்டு, சமித்து உண்டு, பூர்ணாகுதிப் பட்டு உண்டு, ரூபகல்யாணி உண்டு. கொடும்பாவி மட்டும் இல்லை. எப்படி இருக்கும்? இழுக்கப்பட வேண்டியவரே சங்கல்பம் செய்துகொள்ள உட்கார்ந்திருக்கிறார். இன்று ஊர்க்காரர்கள் தாங்களாகக் கொடும்பாவி கட்டி இழுத்தால் போலீஸ் ஓடிவந்து வைக்கோலைக் காப்பாற்றும்.

அதனால் வேண்டுதலால் ஒன்றுமே மாறுவதில்லை என்று சொல்கிற நாத்திக நண்பர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். மாறுகிறது. பொதுப்பணித் துறையின் கோப்பில் இருந்த ஏரி, யாகப் புகையோடு சேர்ந்து வானத்துக்குப் போய் வருணனின் கோப்பாகிவிடுகிறது. மழை வந்தால் யாகத்தால் வந்தது. வராவிட்டால் மக்கள் செய்த பாவம். இரண்டிலும் தலைமைப் பொறியாளருக்கு வேலை இல்லை.

பெரிய இடத்து வேண்டுதல்களில் எனக்கு மறக்க முடியாதது 2016. செப்டம்பர் 22 ராத்திரி முதலமைச்சர் ஜெயலலிதா ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். 75 நாள். கட்சிக்காரர்கள் பால்குடம் எடுத்தார்கள், அலகு குத்தினார்கள், தீச்சட்டி ஏந்தினார்கள், கோயில் தரையில் சோற்றைக் கொட்டி மண்சோறு சாப்பிட்டார்கள். கூட்டத்தில் பின்னால் நின்று, யாரும் படம் எடுக்காமல் அழுத கிழவிகள் இருந்தார்கள். அவர்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். முன் வரிசையைச் சொல்கிறேன். மண்சோற்றில் கை வைப்பதற்கு முன் கேமரா வந்துவிட்டதா என்று நிமிர்ந்து பார்த்த முகங்களைச் சொல்கிறேன். அம்மனுக்கு முதுகு, கேமராவுக்கு முகம். உள்ளே இருப்பவர் எழுந்து வந்து வீடியோவைப் போட்டுப் பார்த்தால் இன்னார் சாப்பிட்டார், இன்னார் சாப்பிடவில்லை என்று கணக்கு எடுப்பாரே என்ற பயபக்தி அது.

டிசம்பர் 5ஆம் தேதி அவர் இறந்தார். அடுத்த பிப்ரவரியில் கட்சிக்காரர் ஒருவர் அவர் சமாதிக்கு முன்னால் தியானத்தில் உட்கார்ந்தார். ஒரு வாரம் கழித்து இன்னொருவர் வந்து அதே சமாதியின் மேல் மூன்று முறை ஓங்கி அடித்துச் சபதம் செய்துவிட்டுச் சிறைக்குப் போனார். அதுவரை அம்மனிடம் வேண்டியவர்கள் அதன் பிறகு சமாதியில் இருந்த 'அம்மா'விடமே வேண்ட ஆரம்பித்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் மதுரையில் மேடையேறி, அம்மா இட்லி சாப்பிட்டார் என்றெல்லாம் நாங்கள் சொன்னது பொய், மன்னித்துவிடுங்கள் என்றார். யோசித்துப் பாருங்கள். இட்லியைப் பற்றி ஊருக்குப் பொய், பால்குடத்தில் அம்மனுக்கு உண்மை! இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே வாரத்தில். அம்மன் எதை நம்புவாள்?

பெரிய இடத்துக்காக வேண்டுவது பலிக்கிறதா என்று பார்க்க, இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் என்று ஒருவர் 1872இல் ஒரு குறும்பு செய்தார். நாடு முழுக்க ஞாயிறுதோறும் தேவாலயங்களில் ராஜாவின் நீண்ட ஆயுளுக்காக ஜெபிக்கிறார்களே, அப்படியானால் ராஜாக்கள் அதிக நாள் வாழ வேண்டுமே என்று கணக்குப் பார்த்தார். வசதியான வர்க்கத்தாரிலேயே ராஜாக்களுக்குத்தான் ஆயுள் குறைவாக இருந்தது, சராசரி 64. வக்கீல்களும் டாக்டர்களும் அவர்களைவிட அதிகம் வாழ்ந்தார்கள். வக்கீலுக்காக எவன் ஜெபித்திருப்பான்? அமெரிக்காவில் இதையே பெரிய செலவில் செய்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு ஆஸ்பத்திரிகளில் இருதய பைபாஸ் ஆபரேஷனுக்கு வந்த 1,802 பேரை மூன்றாகப் பிரித்து, முன்பின் தெரியாதவர்களைக் கொண்டு ஜெபிக்கவைத்தார்கள். ஜெபம் நடக்கிறதா என்றே தெரியாதவர்களில், ஜெபம் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வித்தியாசம் இல்லை. 'உனக்காக நிச்சயம் ஜெபிக்கிறோம்' என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு 59 பேருக்குச் சிக்கல் வந்தது. மற்ற இரு பிரிவிலும் 52க்கு மேல் போகவில்லை. ஊர் கூடி ஜெபிக்கிற அளவுக்கு நம் நிலைமை மோசமா என்று மனுஷன் மிரண்டிருப்பான். நம் அமைச்சர்கள் கூட்டமாக யாகம் செய்தபோது எனக்குள்ளும் இதே மிரட்சிதான்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. வேளாங்கண்ணியில் நிறைவேறிய வேண்டுதல்களுக்கு ஒரு காட்சிக்கூடமே உண்டு. வெள்ளியில் கை, வெள்ளியில் கண், பரீட்சையில் தேறியவர்களின் நன்றிக் கடிதம். நிறைவேறாத வேண்டுதல்களுக்குக் காட்சிக்கூடம் கட்டுவதென்றால் கடற்கரையே போதாது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலை, அந்தக் கரைக்கு வந்திருந்த யாத்ரீகர்களைக் கடல் வாரிக்கொண்டு போனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கும் மேல். தேவாலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. அற்புதம் என்றார்கள். கோயில் வாசல் வரை வந்து சாமிக்குப் பயந்து திரும்பியது கடல் என்று மற்ற மதத்துக் கோயில்களுக்கும் கதை சொன்னார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவளைக் கொண்டுபோன தண்ணீர், சுண்ணாம்புச் சுவருக்கு மரியாதை செய்ததாம். இதைச் சொன்னவர்களை எந்தச் சாமியும் அறையவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மறுபடி சாமி கோர்ட்டுக்கு வருவோம். சிவகங்கை மாவட்டத்தில் மடப்புரம். திருப்புவனத்துக்குப் பக்கம். அங்கே பத்ரகாளியம்மன். கொளஞ்சியப்பர் சிவில் கோர்ட் என்றால் இவள் கிரிமினல். போலீசில் நியாயம் கிடைக்காதவர்கள், போகவே பயந்தவர்கள் இங்கே வந்து காசு வெட்டிப் போடுவார்கள். நாணயத்தை இரண்டாக வெட்டி, எனக்குத் துரோகம் செய்தவனை நீ பார்த்துக்கொள் என்று அம்மன் முன் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவார்கள். வெட்டிய ஒவ்வொரு காசும் ஏதோ ஒரு போலீஸ் ஸ்டேஷன் மேல் ஒரு சாமானியன் எழுதிய தீர்ப்பு.

2025 ஜூனில், அந்தக் கோயிலில் காவலாளியாக ஒப்பந்த வேலை பார்த்த ஒரு இளைஞரை, தரிசனத்துக்கு வந்தவரின் காரில் நகை காணவில்லை என்ற புகாரில் தனிப்படை போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. போட்டு அடித்தார்கள். அதில் ஒரு பகுதி கோயிலுக்குப் பின்பக்கத்திலேயே நடந்தது. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். கொலைகாரன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அம்மன் பார்த்தாளோ இல்லையோ, கழிவறைச் சந்து வழியாக ஒரு செல்போன் பார்த்தது. அந்த வீடியோ இல்லையென்றால் அவர் வலிப்பு வந்து செத்த கதையைத்தான் நாம் படித்திருப்போம். முதலமைச்சர் தாய்க்குப் போன் செய்து வருத்தம் சொன்னார். சில நாளிலேயே தம்பிக்கு அரசு வேலை, குடும்பத்துக்கு வீட்டுமனைப் பட்டா. அமைச்சரே நேரில் வந்து கொடுத்தார்.

பெரியம்மா இதை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டா என்ற சொல் வந்ததும் நிமிர்ந்தாள்.

"எத்தினி நாள்ல குடுத்தாங்களாம்?"

"நாலஞ்சு நாள்ல."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆத்தா கோயில்லியேவா அடிச்சானுவ?" என்றாள்.

"ஆமா."

"அந்த போனப் புடிச்ச புள்ள யாரு?"

பெயர் சொன்னேன். தனக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அவர் போலீசுக்கே மனு கொடுத்திருப்பதையும் சொன்னேன். போலீசுக்கா என்று மறுபடி கேட்டாள். ஆமாம், போலீசுக்குத்தான் என்றேன்.

அவள் எழுந்து சாமி மாடத்திலிருந்து விபூதியை எடுத்து வந்தாள். "பேப்பர் எடுடா. கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது எழுதணும். அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவக் கூடாது."

எழுதினேன். ஊர், பெயர், விவரம். அடுத்து, யார் மேல் பிராது என்ற இடம் வந்தது. யார் பெயரை எழுதட்டும் என்று கேட்டேன்.

பெரியம்மா வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"அத எழுதாத தம்பி. சாமிக்குத் தெரியும். நீ எழுதுனா ஒனக்கு வம்பு."